பழைய மொபெட்டுக்குப் பசுமை வரி... பருவம் தவறிய மழைக்கு யார் பொறுப்பு?

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது.

"என்ன சித்தப்பா, நடந்து வர்றீங்க? வண்டி எங்கே?"

"ஆர்.சி. புதுப்பிக்கணும்டா தம்பி. பதினஞ்சு வருசம் தாண்டிடுச்சு. புதுப்பிக்கிற கட்டணம் போக, பசுமை வரின்னு தனியா கட்டணுமாம். உரக்கடைக்கும் வயலுக்கும் போயிட்டு வர்ற வண்டி. அது விடுற புகையிலயா உலகமே சூடாயிடுச்சு?"

"பழைய வண்டி புகை கக்கும்ல சித்தப்பா, அதுக்குத்தான் வரி."

"சரிப்பா, கட்டிடுறேன். 2023 தை மாசம், அறுக்கப்போற நேரத்துல சம்பா மழையில சாஞ்சு முளைச்சுப்போச்சே... அந்த மழைக்கு யார்கிட்ட போய் வரி வாங்குறது?"

தம்பியிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலக நாடுகள் மாநாடு மாநாடாகக் கூடி வாதாடிக்கொண்டிருக்கின்றன. பூமி சூடாவதற்கு யார் காரணம்? அதற்கான செலவை யார் ஏற்பது? வசூலிக்கும் பணம் யாருக்குப் போகிறது? இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் பசுமை வரி நியாயமா, அநியாயமா என்று சொல்ல முடியும்.

புகை வேறு... கரியமில வாயு வேறு!

வண்டியின் சைலன்ஸரிலிருந்து இரண்டு வகைக் கெடுதல்கள் வருகின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் கரும்புகை, அதோடு சேர்ந்த நச்சு வாயுக்கள். இவை பக்கத்தில் இருப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கும். சில நாள்களில் மழையோடும் காற்றோடும் அடங்கிவிடும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத, வாசனையே இல்லாத கரியமில வாயு. இது நேரடியாக மூச்சைத் திணற வைக்காது. ஆனால், வளிமண்டலத்தில் பல நூறு ஆண்டுகள் தங்கி, போர்வை போலச் சூட்டைப் பிடித்து வைக்கும். பருவநிலை மாற்றத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

பழைய வண்டியின் பிரச்னை பெரும்பாலும் முதல் வகை. 2021 ஜனவரியில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பசுமை வரிக்கான திட்டத்தை ஏற்று மாநிலங்களின் கருத்துக்கு அனுப்பியபோது சொன்ன காரணமும் புகைதான். 'மொத்த வாகனங்களில் சுமார் 5 சதவீதமே உள்ள வணிக வாகனங்கள், வாகன மாசில் 65 முதல் 70 சதவீதத்துக்குக் காரணமாக இருக்கின்றன. 2000ஆம் ஆண்டுக்கு முன் தயாரான வண்டிகள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், மாசில் அவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம்' என்பது அமைச்சகத்தின் கணக்கு. 8 ஆண்டுகளைத் தாண்டிய போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது சாலை வரியில் 10 முதல் 25 சதவீதம், சொந்த வாகனங்களுக்கு 15 ஆண்டுகளுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது வரி என்பது அந்தத் திட்டம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பிருந்தே பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி உண்டு.

இது போதாதென்று 2022 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் நாடு முழுக்க உயர்ந்தது. இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்தது 1,000 ரூபாய் ஆனது. காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

புகையைக் குறைக்க இது ஒரு வழி. ஆனால், 'பசுமை' என்ற பெயரைக் கேட்டதும், பூமி சூடாவதற்கான வரி இது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு லிட்டர் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. 'முக்கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து இரண்டேகால் கிலோ வாயு எப்படி வரும்?' என்ற சந்தேகம் எழும். பெட்ரோலில் இருப்பது கரி. அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேருகிறது. கரியைவிடச் சேரும் ஆக்சிஜனின் எடை அதிகம். அதனால்தான் எடை கூடுகிறது. வண்டி பழையதா, புதியதா என்பதைவிட எத்தனை லிட்டர் எரிந்தது என்பதே இங்கு கணக்கு.

சித்தப்பாவின் மொபெட் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 400 மில்லி பெட்ரோல். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 120 லிட்டர். வெளியாகும் கரியமில வாயு சுமார் 276 கிலோ. நகரத்தில் ஒருவர் போன மாதம் வாங்கிய பெரிய எஸ்.யூ.வி. கார், நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால், அதே 300 நாளில் 1,000 லிட்டர் குடிக்கும். வெளியாவது சுமார் 2,300 கிலோ. எட்டு மடங்குக்கு மேல். ஆனால், வயதை மட்டும் பார்க்கும் பசுமை வரியில் மொபெட் மாட்டிக்கொள்கிறது, கார் தப்பித்துவிடுகிறது.

கார்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி பெரிய கார்களுக்கு 40 சதவீதம் வரி. சிறிய கார்களுக்கு 18. மின்சார வாகனங்களுக்கும் டிராக்டருக்கும் 5 சதவீதம். தவிர, எரிபொருளின் விலையிலேயே வரி இருக்கிறது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மத்திய கலால் வரி மட்டும் லிட்டருக்குப் பெட்ரோலில் 19 ரூபாய் 90 காசு, டீசலில் 15 ரூபாய் 80 காசு என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அது மேலும் 2 ரூபாய் உயர்ந்தது. மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி தனி. ஆக, ஆயிரம் லிட்டர் போடுபவர் 120 லிட்டர் போடுபவரைவிட எட்டு மடங்கு வரி கட்டத்தான் செய்கிறார். பெயரில் 'பசுமை' இல்லாவிட்டாலும், எரித்த அளவுக்கு வரி என்ற வகையில் உண்மையான கார்பன் வரி இதுதான்.

ஆனால், அதே டீசலைத்தான் டிராக்டருக்கும் பம்ப்செட் இன்ஜினுக்கும் விவசாயி ஊற்றுகிறார். ஊர் சுற்றும் டீசலுக்கும், உழவு ஓட்டும் டீசலுக்கும் இந்தியாவில் ஒரே வரி. 2021 பட்ஜெட்டில் வந்த 'வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு வரி' டீசலில் லிட்டருக்கு 4 ரூபாய். அதையும் சேர்த்துத்தான் விவசாயி கட்டுகிறார்.

கூண்டில் ஏறிய நெல்வயல்

'எல்லாம் சரி, விவசாயம்தான் மீத்தேன் வாயுவை அதிகமாக விடுகிறதாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது.

1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டனில் இயங்கும் 'உலக வள நிறுவனம்' ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் பூமி சூடாவதற்குக் காரணமான நாடுகளின் வரிசையில் இந்தியா, சீனா, பிரேசில் ஆகியவையும் முன்வரிசையில் வைக்கப்பட்டன. இந்தியாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில், நெல்வயலும் மாடுகளும் விடும் மீத்தேனுக்குப் பெரிய பங்கு.

டெல்லியிலுள்ள 'அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மைய'த்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ல் இதற்கு மறுப்பு எழுதினார்கள். 'ஏழை விவசாயி வயிற்றுக்காக நெல் விளைவிக்கும்போது வரும் மீத்தேனையும், பணக்கார நாட்டுக்காரர் சொகுசுக்காகக் கார் ஓட்டும்போது வரும் கரியமில வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஒன்று பிழைப்புக்கான உமிழ்வு. மற்றது சொகுசுக்கான உமிழ்வு' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். காற்று எல்லோருக்கும் பொது என்றால், அதைப் பயன்படுத்தும் உரிமையையும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

குற்றச்சாட்டில் அளவும் தவறாக இருந்தது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக அப்போது அமெரிக்கத் தரப்பில் மதிப்பிட்டிருந்தார்கள். மேலை நாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியப் பரப்பளவோடு பெருக்கி வந்த எண் அது. 1991ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தலைமையில், நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கி அளந்தார்கள். கிடைத்த விடை, சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! நம் வயல்களில் பெரும்பகுதி எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல்கள் அல்ல. மானாவாரி நெல் உண்டு, இடையில் காயும் வயல்கள் உண்டு. அளக்காமல் போட்ட கணக்கு அதையெல்லாம் பார்க்கவில்லை. அளந்து பார்க்காமல் யார் மீதும் பழி போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பழைய கடன் யாருடையது?

கரியமில வாயு பல நூறு ஆண்டுகள் தங்கும் என்பதால், இன்று யார் விடுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. இதுவரை யார் சேர்த்து வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக் காலம் தொட்டு நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் சேர்ந்த கரியமில வாயுவில், அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒருவருக்கும் மேல் வாழும் இந்தியாவின் பங்கு 3 முதல் 4 சதவீதம்தான்.

தலைக்கணக்கில் பார்த்தாலும் அப்படித்தான். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன்.

1992ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஐ.நா. பருவநிலை ஒப்பந்தம் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டது. 'பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அளவு வேறு' என்பது அதன் அடிப்படை. ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009ல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் சொன்ன வாக்கு, குறித்த ஆண்டில் நிறைவேறவில்லை. இயற்கைச் சீற்றத்தில் இழந்தவற்றுக்கு ஈடு தர ஒரு தனி நிதியம் வேண்டும் என்ற முடிவே, 2022ல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் வந்தது.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா இன்று மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 'தாத்தா வாங்கிய கடன்' என்று சொல்லிக்கொண்டு, நாமும் அதே கடனை வாங்கினால் முதலில் மூழ்குவது நம் வயல்தான். 'இந்தியருக்குச் சராசரி 2 டன்' என்ற எண்ணுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. மூன்று கார் வைத்திருக்கும் வீடும், ஒரு சைக்கிள் வைத்திருக்கும் வீடும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. பணக்கார நாட்டிடம் நாம் கேட்கும் நியாயத்தை, நம் ஊரில் சைக்கிள்காரர் கார்காரரிடம் கேட்கலாம்.

விவசாயிக்குப் பங்கே இல்லையா?

உண்டு. 2024 டிசம்பரில் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில் 2020ஆம் ஆண்டுக்கான கணக்கு இருக்கிறது. நாட்டின் மொத்த உமிழ்வில் எரிசக்தித் துறைக்கு 75.66 சதவீதம்; விவசாயத்துக்கு 13.72; தொழிற்சாலைச் செயல்முறைகளுக்கு 8.06, கழிவுகளுக்கு 2.56 சதவீதம். விவசாயத்தின் பங்கில் பெரும்பகுதி, மாடு ஆடுகளின் அசை போடும் வயிற்றிலிருந்தும் தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் வரும் மீத்தேன். அடுத்தது, தேவைக்கு மேல் போடும் யூரியாவிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, சுமார் 270 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். டிராக்டர் டீசலும் பம்ப்செட் மின்சாரமும் இந்தக் கணக்கில் எரிசக்திக்குள் வந்துவிடுகின்றன.

விவசாயியின் பங்கும் இருக்கிறது. பாதிப்பில் முதல் அடியும் அவருக்கே விழுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. எந்த ஒரு மழையையும் 'இது முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது' என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இப்படிப்பட்ட பெருமழைகள் கூடும் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வரி போட்ட நாடுகளில் நடந்தது என்ன?

பிரான்ஸ்: 2013ல் கனரக லாரிகளுக்குச் சுற்றுச்சூழல் வரி போட முனைந்தார்கள். பிரிட்டனி பகுதி விவசாயிகளும் லாரிக்காரர்களும் உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் சிவப்புக் குல்லா அணிந்து போராட்டத்தில் இறங்கினார்கள். சந்தையிலிருந்து தொலைவில் இருக்கும் தங்கள் காய்கறிக்கும் இறைச்சிக்கும் மட்டும் செலவு கூடும் என்பது அவர்கள் வாதம். வரி நிறுத்தப்பட்டது. 2018ல் பெட்ரோல், டீசல் மீதான கார்பன் வரி உயர்வை எதிர்த்து 'மஞ்சள் அங்கி' போராட்டம் வெடித்தது. 'ஊருக்குப் பஸ் இல்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. எங்களுக்கு மட்டும் வரியா?' என்று கிராமத்து மக்கள் கேட்டார்கள். 2019 ஜனவரியில் வரவிருந்த உயர்வு கைவிடப்பட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா: 2008 ஜூலையில் கார்பன் வரி வந்தது. தொடக்கத்தில் ஒரு டன்னுக்கு 10 கனடா டாலர். 2012ல் 30 டாலர். வசூலான பணத்தை வருமான வரிக் குறைப்பாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு நேரடித் தொகையாகவும் திருப்பிக் கொடுத்தார்கள். கிராமப்புற வீட்டுக்காரர்களுக்குத் தனிச் சலுகையும், 2014 முதல் பண்ணை எரிபொருளுக்கு விலக்கும் வந்தன. உமிழ்வு 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாக ஆய்வுகள் சொல்லின. ஆனாலும், விலைவாசி எதிர்ப்பு வலுத்ததால் 2025 ஏப்ரலில் பொதுமக்கள் மீதான வரி நீக்கப்பட்டது.

நியூசிலாந்து: நாட்டின் உமிழ்வில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. 2003ல் கால்நடைக்கு வரி போட நினைத்தபோது, விவசாயிகள் டிராக்டரோடு பாராளுமன்றத்துக்கே வந்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2022ல் மறுபடி முயன்று, அதுவும் நிற்கவில்லை.

டென்மார்க்: 2024ல் அரசும் விவசாயச் சங்கமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி, கால்நடை உமிழ்வுக்கு 2030 முதல் வரி என்று முடிவு செய்தன. ஒரு டன்னுக்கு 300 குரோனர் என்றாலும், 60 சதவீதக் கழிவு உண்டு. தொடக்க ஆண்டுகளில் வசூலாகும் பணம், விவசாயத் துறை மாறுவதற்கான உதவியாகவே திரும்பும்.

மாற்று வழியில்லாதவர் மீது வரி போட்டால் கலவரம் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கிறது. முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசினால் சம்மதம் கிடைக்கிறது. இந்த நான்கு ஊர்க் கதையும் சொல்வது இதுதான்.

வசூலான பணம் எங்கே?

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அனுபவம் உண்டு. 2010ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் 'தூய எரிசக்தி வரி' விதித்தார்கள். அது படிப்படியாக உயர்ந்து 2016ல் 400 ரூபாய் ஆனது. சூரிய சக்தி, காற்றாலை போன்ற தூய எரிசக்திக்கு இந்தப் பணம் என்றார்கள். 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,400 கோடி ரூபாய். அதில் தூய எரிசக்தி நிதியத்துக்குப் போனது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 15,900 கோடி மட்டும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, இந்த வரி மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதியாக மாறிவிட்டது.

'பசுமை' என்று பெயர் வைத்து வாங்கும் பணம் பசுமைக்குப் போகாவிட்டால், அடுத்த முறை வரி கேட்கும்போது மக்கள் நம்ப மாட்டார்கள். பசுமை வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டுக்கே செலவிட வேண்டும் என்று 2021 திட்டத்திலும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்க வேண்டியது கட்டுபவர்களின் உரிமை.

நியாயமான வரி எப்படி இருக்க வேண்டும்?

வரியே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால், எரிப்பவருக்குச் செலவில்லை என்றால், அந்தச் செலவு வெள்ளமாகவும் வறட்சியாகவும் விவசாயியின் தலையில் விழுகிறது. அதனால், கேட்க வேண்டியது வரி வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. எப்படிப்பட்ட வரி என்பதுதான்.

முதலாவது, வண்டியின் வயதோடு, அது ஓடும் தூரத்தையும் குடிக்கும் எரிபொருளையும் பார்க்க வேண்டும். புகைப் பரிசோதனையில் தேறும் பழைய மொபெட்டுக்குச் சலுகை கொடுப்பதில் தவறில்லை. இரண்டாவது, மாற்று வழி இருக்கும் இடத்தில்தான் வரி கூட வேண்டும். மணிக்கொரு பஸ் வராத கிராமத்தில் வண்டி என்பது சொகுசு அல்ல. மூன்றாவது, உணவு விளைவிக்கும் டீசலையும் உல்லாசப் பயண டீசலையும் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் வசூலில் ஒரு பகுதி விவசாயிக்கு நேரடியாகத் திரும்ப வேண்டும். நான்காவது, வசூல், செலவு இரண்டும் ஊரறியத் தெரிய வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: டிராக்டர், பவர் டில்லருக்குப் பசுமை வரி உண்டா?

பதில்: 2021ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டத்தில் டிராக்டர், அறுவடை இயந்திரம், டில்லர் போன்ற விவசாய வாகனங்களுக்கு விலக்கு உண்டு. மின்சாரம், சி.என்.ஜி., எல்.பி.ஜி., எத்தனால் ஆகியவற்றில் ஓடும் வண்டிகளுக்கும் விலக்கு. ஆனால், வரியை வசூலிப்பது மாநில அரசு. எனவே, உங்கள் ஆர்.சி.யில் வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, கட்டுவதற்கு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் கரியமில வாயுவே வராதா?

பதில்: வண்டியிலிருந்து வராது. ஆனால், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட 3 யூனிட் ஆகும் என்று வைத்தால் 2.1 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு 4.6 கிலோ. பாதிக்கும் கீழே குறைகிறது. வீட்டுக் கூரையில் சோலார் இருந்தால் இன்னும் குறையும்.

கேள்வி: 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் மீத்தேன் குறையும் என்கிறார்கள். மகசூல் விழுந்துவிடாதா?

பதில்: சரியாகச் செய்தால் விழாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து வையுங்கள். நடவு செய்த இரண்டு வாரம் மேலாக நீர் நிறுத்துங்கள். பிறகு, குழாயில் நீர்மட்டம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பின் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடாதீர்கள். மண்ணுக்குள் காற்று போவதால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். தண்ணீரும் இன்ஜின் வைத்து இறைப்பவர்களுக்கு டீசலும் மிச்சம். களிமண் வயலில் வெடிப்பு விடும் அளவுக்குப் போகக் கூடாது.

கேள்வி: 'கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்' என்று ஊருக்கு ஆள் வருகிறார்கள். போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, விற்ற பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, வயலில் அளப்பது யார், அந்தச் செலவு யாருடையது, இடையில் விலக முடியுமா என்ற ஐந்தையும் தமிழில் எழுதி வாங்குங்கள். தனியாகப் போடுவதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகச் சேர்ந்து பேசுவது நல்லது. நில ஆவண அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மீண்டும் டீக்கடைக்கு வருவோம். சித்தப்பா பசுமை வரியைக் கட்டத்தான் போகிறார், ஆர்.சி. இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. ஆனால், ரசீதைப் பையில் வைக்கும்போது அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு வைக்கலாம். அவர் கட்டியது புகைக்கான வரி. பூமியைச் சூடாக்கியதற்கான கணக்கில் அவர் பெயர் கடைசி வரிசைகளில்தான் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் பங்கைக் கட்டும்வரை, அந்தக் கேள்வியை அவர் டீக்கடையிலும் கிராம சபையிலும் ஓட்டு கேட்டு வருபவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.